ஒரு மணி நாற்பது நிமிடம்

"எல்லாரும் இங்க வாங்க! கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வாங்க!"

காலை ஏழு மணிக்குப் பெரியவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று இப்படிக் குரல் கொடுத்தால், அந்த வீட்டில் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, லாண்டரியில் ஏதோ ஒரு மெஷின் படுத்துவிட்டது. இல்லையென்றால் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கு இரண்டாவது காரணம். அவர் கையில் சுருள்கம்பி போட்ட தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையில் அவர்கள் லாண்டரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய தம்பி மகளின் பெயர்.

"நம்ம பாப்பா எழுதினது! நம்ம லாண்டரியைப் பத்தி! முதலாளின்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் யுனிவர்சிட்டியில ஏத்துக்குவாங்களாம். பாத்துக்கோங்க!"

சின்னம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். சின்ன முதலாளியின் மனைவி என்பதால் லாண்டரியில் எல்லோருக்கும் அவள் சின்னம்மா. அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பாப்பா அவள் பெற்ற ஒரே பெண். இருபத்தொரு வயதாகிவிட்டது, விடுதியில் தங்கி வணிக நிர்வாகம் படிக்கிறாள், கடைசி வருஷம். ஆனாலும் வீட்டுக்குப் பாப்பாதான்.

அந்தப் படிப்பில் கடைசியாக ஒரு வேலை உண்டு. ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் அங்கேயே கிடந்து ஆராய்ந்து, எது சரி, எது சரியில்லை, என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். பிறகு பரீட்சகர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய கம்பெனிகளைத் தேடி ஓடினார்கள். பாப்பா மட்டும் சொந்த லாண்டரியையே எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் படித்தார். சலவை மெஷின் பற்றி ஒரு பக்கம், இஸ்திரி மேசை பற்றி இரண்டு பக்கம். ஒவ்வொன்றுக்கும் "பலே!" போட்டார். பிறகு கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வந்தது.

"இது என்னது... 'நேர ஆய்வு'. யாரார் எவ்வளவு நேரம் என்ன செய்றாங்கன்னு போட்டிருக்கா. 'பின்வாசல் பொறுப்பாளர்'... அது யாருடா நமக்குத் தெரியாத ஆளு?"

சின்னம்மாவின் கணவர் டீ தம்ளரிலிருந்து தலையை எடுக்காமல், "இவதான்" என்றார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் போகாத மனிதர்.

"அட ஆமா! 'மூட்டை எண்ணுதல், இரண்டு மணி நேரம். வகை பிரித்தல், மூன்று மணி நேரம். வீண் பேச்சு...'" பெரியவர் நிறுத்தினார். மீசை துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "'வீண் பேச்சு, ஒரு மணி நாற்பது நிமிடம்'!"

"ஒரு மணி நாற்பதுதானா?" என்று கேட்டாள் பெரியவரின் மனைவி. "பாப்பா கணக்குல வீக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்!"

வீடே சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். காதுமடல் மட்டும் திகுதிகுவென்று எரிந்தது.

"இருங்க, இன்னும் இருக்கு. 'பரிந்துரை: பின்வாசலில் தனியாக ஆள் தேவையில்லை. வண்டிக்காரர்கள் சீட்டில் விவரம் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். முன்கவுண்டருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வேண்டும்.'" பெரியவர் புத்தகத்தை மூடி மேசை மேல் தட்டினார். "படிச்ச பிள்ளைன்னா இதுதான்! அம்மான்னுகூடப் பாக்கல பாரு... வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு!"

பிறகு சின்னம்மா பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "தப்பா நினைக்காதம்மா. உன் பொண்ணே சொல்லிட்டா. போதும் நீ நின்னது. நாளையிலேர்ந்து வீட்ல இரு. நல்லா ரெஸ்ட் எடு. பரீட்சை அன்னைக்கு நானே எந்திரிச்சுச் சொல்றேன், 'இந்தப் பொண்ணு எழுதினதை நாங்க செஞ்சே காட்டிட்டோம்'னு! பாப்பா அசந்துரணும். அதுவரைக்கும் யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது, ஆமா!"

"சரிங்க அத்தான்" என்றாள் சின்னம்மா.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பின்வாசலில் நின்றிருக்கிறாள். அதற்கு ஒரு பதவி உண்டு என்று ஒருவரும் சொன்னதில்லை. பதவி வந்த பக்கத்திலேயே வேலையும் போனது.



பாப்பா ஆராய வந்த அந்த இரண்டு வாரத்தைப் போல ஒரு சந்தோஷம் சின்னம்மாவின் வாழ்க்கையில் சமீபத்தில் வந்ததே இல்லை. பிள்ளை பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் நோட்டு, கையில் போன். போனில் ஓடுகிற கடிகாரம். வண்டி வந்தால் அழுத்துவாள், போனால் அழுத்துவாள், எழுதுவாள்.

"என்னடி எழுதுற?"

"அம்மா, என்கிட்டப் பேசாதீங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

அது எப்படி நினைத்துக்கொள்ள முடியும்? மூன்று வருஷமாக லீவுக்கு லீவு வந்து தூங்கிவிட்டுப் போகிற பிள்ளை, இதோ கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்! முதல் வருஷம் வகுப்பில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னதற்குக் கால் நடுங்கி அழுது போன் பண்ணினவள். இப்போது கூட்டத்தில் பேசுகிறாளாம். மாதிரி நேர்முகத் தேர்வு வைத்ததில் முதலாவதாக வந்தாளாம். ஒரு கம்பெனி, 'படிப்பு முடிந்ததும் எங்களிடம் வா, கடைசி ஆய்வுக்கு என்ன மார்க் வருகிறது பார்ப்போம்' என்று சொல்லி வைத்திருக்கிறதாம். இதையெல்லாம் வருகிற போகிறவர்களிடம் சொல்லாமல் இருந்தால் தொண்டை வெடித்துவிடாதா? ஓட்டல் வண்டி டிரைவரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரித் துணிக்குப் பொறுப்பான மேட்ரனம்மாவிடம் சொன்னாள். சோப்புத் தூள் கொண்டுவருகிறவரையும் விடவில்லை.

"இது யாருன்னு தெரியுதா? நம்ம பொண்ணு! யுனிவர்சிட்டி!"

பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். என்னவோ பெரிய விஷயம் எழுதுகிறாள் என்று சின்னம்மாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. எழுதினது இதுதான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

இப்போதெல்லாம் காலை எட்டரைக்கே அவளைத் தவிர வீடு காலியாகிவிடும். பெரியவரும் கணவரும் லாண்டரிக்குப் போவார்கள். பெரியவரின் மனைவி முன்கவுண்டருக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டர் பெண்ணை மேற்பார்வை பார்க்கிறேன் என்று போய்விடுவாள். சின்னம்மா பாத்திரத்தைக் கழுவுவாள், வீட்டைப் பெருக்குவாள், துணியை மடிப்பாள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பதினொன்றுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பாள். பதினொன்று ஐந்து ஆகியிருக்கும்.

முதல் வாரம் தூங்கிப் பார்த்தாள். வரவில்லை. இரண்டாவது வாரம் அலமாரியை எல்லாம் ஒழித்து அடுக்கினாள். அடுக்கினதையே மறுபடி ஒழித்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அன்று முழுக்க அவள் வாயைத் திறந்து பேசியது இரண்டே தடவை. "டீ ஆறிடும்." "குடையை எடுத்துக்கோங்க." அவ்வளவுதான்.

இந்த வீட்டில் அவளோடு யார்தான் பேசினார்கள்? பெரியவர் உத்தரவு போடுவார். அவர் மனைவி குத்திக் காட்டுவாள். கணவர் தலையாட்டுவார். வாய் நிறையப் பேசி, "அப்புறம்?" என்று ஒருத்தர் கேட்டு, அதற்கு அவள் பதில் சொல்லி... அதெல்லாம் அந்தப் பின்வாசலில்தான். அவளுக்கு இருந்த உறவெல்லாம் அங்கே வண்டியில் வந்து வண்டியில் போனதுதான்.

சாயங்காலம் கணவர் வந்ததும் தட்டை வைத்துவிட்டு எதிரே நிற்பாள்.

"அங்க... யாராவது என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

அதற்கு மேல் அந்த வாயிலிருந்து ஒன்றும் பெயராது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மறுநாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா போன் பண்ணுவாள். "என்னம்மா பண்றீங்க? லாண்டரி எப்படியிருக்கு? கால் வலி எப்படியிருக்கு?"

"இருக்கு."

"ஏம்மா ஒரு மாதிரி பேசுறீங்க?"

"பேசினா நேரம் வீணாப் போகுதுல்ல? வெச்சுடறேன். நீ படி."

போனை வைத்துவிட்டு, வைத்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளையாயிற்றே... இருபத்திரண்டு வருஷத்தையும் பார்த்துவிட்டு அவள் எழுதினது 'வீண் பேச்சு' என்ற அந்த ரெண்டு வார்த்தைதானா? வேறு யார் எழுதியிருந்தாலும் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டுப் போயிருப்பாள்!



ஐந்தாவது வாரம் ஒரு பகலில் வாசல் மணி அடித்தது. திறந்தால் மேட்ரனம்மா. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம்.

"என்ன சின்னம்மா, என்னை அந்தத் தகரப் பெட்டிகிட்டப் பேச விட்டுட்டு நீங்க வீட்ல உக்காந்துட்டீங்க?"

சின்னம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். ஆனால் மேட்ரனம்மா பழம் கொடுக்க மட்டும் வரவில்லை.

"சொல்லாமப் போக மனசு வரல. மாசக் கடைசியோட எங்க துணி வேற லாண்டரிக்குப் போகுது. மேல முடிவு பண்ணிட்டாங்க."

"ஐயையோ... ஏன் மேடம்? என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். ஆஸ்பத்திரி மாடி வார்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். முன்பென்றால் மேட்ரனம்மா துணி மூட்டையோடு வந்தவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பாள். சின்னம்மா மாடிக்குப் போக வேண்டிய விரிப்புகளை நிறுத்திவிட்டுக் கீழ் வார்டுக்குக் கூடுதலாக அனுப்பியிருப்பாள். இப்போது சீட்டில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயின்டுக்குக் கட்டம் இல்லை. இருநூறு விரிப்பு மாடிக்குப் போய் ஈரச் சுவரில் சாய்ந்து நின்று பச்சையாகிவிட்டது. கீழே நோயாளிகள் மத்தியானம் வரை விரிப்பு மாற்றாமல் கிடந்தார்கள். அடுத்த வாரம் வெளியூர்க் கண் டாக்டர் வந்தார், ஆபரேஷன் துணி இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. அதுவும் பெட்டிக்குத் தெரியாது.

"மேடம்... ஒரு மாசம் பொறுங்க மேடம். நான் வேணா உங்க ஆபீசருங்களை வந்து பாக்கறேன். எங்க அத்தான் கெட்டவர் இல்ல, அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்..."

"உங்களுக்காக நானும் பேசிட்டேன் சின்னம்மா. என் கையில இல்ல."

மேட்ரனம்மா படியிறங்கும்போது பெரியவரின் மனைவி எதிரே வந்தாள். இரண்டு பேரையும், உள்ளே மேசை மேலிருந்த ஆரஞ்சுப் பையையும் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் கடிதம் லாண்டரிக்குப் போயிற்று. பெரியவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவியும், சின்னம்மாவின் கணவரும்.

"என்னம்மா சொல்லிக் கொடுத்த அந்த மேட்ரனுக்கு?"

"அத்தான்...?"

"நேத்து இங்க வந்தாளா, இல்லையா?"

"வந்தாங்க. ஆனா..."

"பழம் வேற கொண்டாந்தா! நான் கண்ணால பாத்தேன்!" என்றாள் பெரியவரின் மனைவி. "வாசல்ல நிக்க விடலைங்கிற ஆத்திரம். அதுக்கு இப்படியா? குடும்பத்தோட வயித்துலயே அடிப்பியா?"

"அக்கா! நான் அவங்களைக் கெஞ்சித்தான்..."

"பேசாத! பேசிப் பேசித்தான் இந்த நிலைமை!" என்று கத்தினார் பெரியவர்.

சின்னம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. "நான் வாயைத் திறந்தாலும் குத்தம், மூடினாலும் குத்தமா? அஞ்சு வாரமா இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேனே... எப்படியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா யாராவது? இப்பக் கேக்க வந்தது இதுதானா?" சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைத் தட்ட யாரும் வரவில்லை.



பரீட்சை திங்கட்கிழமை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாப்பா! பின்னால் அப்பா. பிள்ளையின் முகம் வீங்கியிருந்தது. பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"பெரியப்பா கையெழுத்து வாங்கலாம்னு நேரா லாண்டரிக்குப் போனேன். பின்வாசல்ல ஒரு பெட்டி இருக்கு... நீங்க இல்ல... ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எதைச் சொல்றது? நீ எழுதினதை உனக்கே படிச்சுக் காட்டணுமா?"

"அம்மா..."

"நேர்மையாத்தான் எழுதியிருக்க. நான் பேசினேன், நீ அளந்த. இதுல என்ன தப்பு?"

"சொந்தம்னு பாக்காம எழுதணும்னு சொல்லிக் கொடுத்தாங்கம்மா. அம்மாங்கறதால விட்டுக் கொடுத்தா அது ஆய்வே இல்லன்னு... நான் ரொம்ப நியாயமா எழுதறேன்னு நினைச்சேன்மா..." பிள்ளை தேம்ப ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அப்பா பேசினார்.

"இதையும் கேட்டுக்கோ. நீ படிக்கப் போறேன்னதும், கவுண்டர்ல யார் நிப்பாங்கன்னு அண்ணன் கேட்டார். பள்ளிக்கூடம் முடிஞ்சதும் உன்னை அங்க நிறுத்தறதாத்தான் பேச்சு. உங்கம்மா சொன்னா, 'அவ போகட்டும், ரெண்டு வாசல்லயும் நானே நிக்கிறேன்'னு. மூணு வருஷமா நின்னா. காலையில முன்னால, பகல்ல பின்னால, சாயங்காலம் மறுபடி முன்னால. அந்தக் கால் வலி வயசால வந்தது இல்ல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. நேத்து உன் பெரியப்பா இவளைத் திட்டினப்பவும் நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்... மனுஷனா நான்?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவருக்கே பயமாகிவிட்டது போல. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாப்பா அப்படியே தரையில் சரிந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். சின்னம்மாவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் குனிந்து, பிள்ளையின் தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பா பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரித்தாள்.

"திங்கக்கிழமை. பத்து இருபது. ஓட்டல் டிரைவர். பன்னிரண்டு நிமிஷம். என்னம்மா பேசினீங்க?"

"அது இப்ப எதுக்கு?"

"சொல்லுங்கம்மா. இதை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

சின்னம்மா யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரெண்டு பஸ் ஆளுங்க வந்து தங்கறாங்கன்னு சொன்னான். மேசை விரிப்பை வியாழனே முடிச்சுக் கொடுத்தேன். அப்புறம்... உன்னைப் பத்தி."

"பதினொண்ணே கால். மேட்ரன். இருபது நிமிஷம்."

"புது நர்சுங்க எட்டுப் பேர் வர்றாங்க, சட்டை அளவு வேற வேறன்னாங்க. தனிக் கட்டாக் கட்டச் சொன்னேன். அப்புறம் உன்னைப் பத்தி."

"ரெண்டு மணி. சோப்புத் தூள்காரர்."

"அவர் சரக்குக்கு அடுத்த வாரம் தட்டுப்பாடு வரும்னார். ரெண்டு மூட்டை சேத்து இறக்கச் சொன்னேன். அப்புறம்..."

அவள் முடிக்கவில்லை. பிள்ளையின் கண்ணீர் நோட்டின் மேல் சொட்டியது. பதினாலு நாள், பக்கம் பக்கமாகப் படித்தார்கள். எல்லாவற்றின் கடைசியிலும் பாப்பாதான் இருந்தாள்.



திங்கட்கிழமை அந்த அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பரீட்சகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. வலப்பக்கம், பாப்பாவைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கம்பெனியின் அதிகாரி. முன்வரிசையில் பெரியவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தான் எழுந்து சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கணவர் கையைப் பிடித்து அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

பாப்பா மேடைக்கு வந்தாள். கை கூப்பினாள்.

"நான் கொடுத்த ஆய்வுல இருபத்தேழாம் பக்கம் தப்பு. அந்தத் தப்பைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்."

பெரியவரின் உதடு நின்றுவிட்டது.

திரையில் கட்டங்கள் வந்தன. இந்தத் தடவை நிமிஷங்கள் ஒரு பக்கம், அந்த நிமிஷத்தில் பேசியது ஒரு பக்கம், அதனால் லாண்டரியில் நடந்தது ஒரு பக்கம். பிறகு ஐந்து வாரப் பெட்டியின் கதை. பெயின்டில் போன இருநூறு விரிப்பு. கண் டாக்டர். ஆஸ்பத்திரியின் கடிதம். பிள்ளை எதையும் மறைக்கவில்லை.

"ஒரு மணி நாற்பது நிமிஷம் வீண் பேச்சுன்னு எழுதினேன். ஒரு மணி நேரம் எங்க லாண்டரி ஓடினதே அந்தப் பேச்சாலதான். மீதி நாற்பது நிமிஷம்..." தண்ணீரைக் குடித்தாள். "மீதி நாற்பது நிமிஷம், எங்கம்மா என்னைப் பத்திப் பெருமை பேசினது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு அதைத்தான் நான் வீண்னு கணக்குப் போட்டேன்."

கம்பெனி அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா நீங்க கொடுத்த ஆய்வு தோல்விதானே?"

"ஆமா சார்."

"மூணு வருஷம் என்னதான் கத்துக்கிட்டீங்க?"

சின்னம்மா முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, பிள்ளையின் வேலை போச்சு!

"அளக்கக் கத்துக்கிட்டேன் சார். பெரியவங்க முன்னாடி கால் நடுங்காம நிக்கக் கத்துக்கிட்டேன். தப்பு பண்ணினா அதை இங்கயே நின்னு சொல்ற தைரியமும் இங்கதான் வந்துச்சு. ஆனா அளக்கறதுக்கு முன்னாடி வேலை செய்றவங்களைக் கேக்கணும்னு புத்தகத்துல படிச்சும் எனக்கு உறைக்கல."

பேராசிரியை பெரியவரைப் பார்த்தார். "நீங்கதானே முதலாளி? அந்தப் பின்வாசல் பொறுப்பாளருக்கு உங்க நிறுவனத்துல என்ன பதவி?"

பெரியவர் எழுந்தார். "பதவின்னா... என் தம்பி சம்சாரம்ங்க."

"அது வீட்ல. வேலையில?"

பெரியவர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். தயார் செய்து வந்ததில் இதற்குப் பதில் இல்லை.



வெளியே நீண்ட நடைபாதை. மாணவர்கள் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவர் சின்னம்மாவின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இந்தாம்மா... அன்னைக்கு நான்..."

"ஆஸ்பத்திரி மேடம்கிட்ட நான் என்ன பேசினேன்னு இப்பவாவது கேளுங்க அத்தான்."

"என்னம்மா... பேசின?"

"ஒரு மாசம் பொறுங்கன்னு கெஞ்சினேன். எங்க அத்தான் கெட்டவர் இல்லன்னு சொன்னேன்."

பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ பேரை அழ வைத்த மனிதர் நடுவழியில் நின்று குலுங்கினார். "நாளைக்கே வந்துரும்மா... அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடறேன்..."

"வர்றேன். ஆனா இனிமே என்னைப் பத்தி ஒரு முடிவு எடுக்கிறதா இருந்தா, என்னைக் கேட்டுட்டு எடுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நாம ரெண்டு பேரும் போகணும். அங்க நீங்கதான் பேசணும்."

"நானா? எனக்கு அப்படியெல்லாம் பேச வராதேம்மா!"

"கத்துக்கோங்க" என்றாள் சின்னம்மா.

அவர் தலையாட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கணவரும் அண்ணனைத் தாங்குவது போலக் கூடவே போனார். பாப்பா அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"மார்க் என்னன்னு சொல்லலம்மா. அந்தக் கம்பெனி சார் ஃபைலை மூடிட்டுப் போயிட்டார். போகட்டும்... நான் நம்ம லாண்டரிக்கே வந்துடறேன். கவுண்டர்ல நான் நிக்கறேன். நீங்க உக்காருங்க."

"வாயை மூடு!" சின்னம்மா சீறினாள். "ரெண்டு வாசல்லயும் நான் நின்னது நீ திரும்பி அங்கயே வர்றதுக்கா? இந்தக் கம்பெனி இல்லன்னா இன்னொண்ணு. பத்து இடத்துல கதவைத் தட்டு. வேலை பாரு. நாலு ஊரைப் பாரு. அப்புறம் உனக்கே வரணும்னு தோணினா அப்ப வா. எனக்குப் பாவம் பாத்து வராத."

"அப்ப நான் உங்களுக்கு என்னம்மா பண்ணட்டும்? சொல்லுங்க... ஏதாவது பண்ணணும்மா எனக்கு!"

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் சின்னம்மா. சொல்லிவிட்டு நகரத்தான் பார்த்தாள். ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினாள். ஐந்து வாரமாக யாரும் கேட்காத ஒன்று உள்ளேயே கிடந்தது. கணவரிடம் சொல்லாதது. மேட்ரனிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டது.

"தனியா இருந்தேண்டி பாப்பா..." என்றாள். "ரொம்பத் தனியா இருந்தேன். அந்த வீட்ல... எனக்குன்னு ஒரு ஆள் இல்லடி..."

பாப்பா இரண்டே எட்டில் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சின்னம்மா வாய்விட்டு அழுதாள். கூட்டம் பார்க்கிறது என்றுகூட நினைக்கவில்லை. பிறகு அழுகையோடு அழுகையாகச் சொல்ல ஆரம்பித்தாள். காலியான வீட்டைச் சொன்னாள். நகராத கடிகாரத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு அழுததைச் சொன்னாள். பிள்ளை, "அப்புறம்மா... அப்புறம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நடைபாதை முனையில் பெரியவர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். காரில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கையைக் காட்டினார்.

காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சின்னம்மா மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.